மின்சாரம் ஏறாத ஸ்கேனர்: பழுதறியும் முறை

பள்ளிக்கூடங்களின் சேர்க்கைப் பதிவேடுகள், உலர்த்தி ஒட்டப்பெற்ற செடி மாதிரித் தாள்கள், மழையளவுக் குறிப்புப் புத்தகங்கள் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே பிரதிதான் உண்டு. கறையானும் ஈரமும் அவற்றை அழிப்பதற்கு முன் படமெடுத்து வைக்க, தட்டையான கண்ணாடிப் பலகை கொண்ட ஸ்கேனர் பெரிதும் உதவுகிறது. பல்லாண்டு உழைத்த அக்கருவி ஒரு நாள் விளக்கு எரியாமலும் ஓசை எழுப்பாமலும் கிடக்குமாயின், அதனைக் கழிவுப் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிடுவது எளிது. அதனுடன் பதிவேடுகளைக் காக்கும் வேலையும் நின்றுவிடுகிறது. ஆயின் கருவி நன்னிலையில் இருந்து, அதற்கு மின்சாரம் அளிக்கும் அடாப்டர் மட்டும் பழுதுற்றிருத்தலும் உண்டு. இதனை ஒரு மல்டிமீட்டரும் சிறிது பொறுமையும் கொண்டு அறியலாம்.

கருவியின் அமைப்பு

கணிப்பொறிக்குள் படத்தை ஏற்றும் முயற்சி 1957-ஆம் ஆண்டில் வெற்றி பெற்றது. அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய அலுவலகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவரும் அவருடைய குழுவினரும், சுழலும் உருளையில் ஒரு புகைப்படத்தைப் பொருத்தி, அதனை 176-க்கு 176 புள்ளிகளாகப் பிரித்தனர். 1969-இல் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் பெல் ஆய்வுக்கூடத்தில் 'சி.சி.டி.' என்னும் ஒளியுணர் சில்லை உருவாக்கினர். இதன்பொருட்டு 2009-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இச்சில்லைக் கொண்ட ஸ்கேனரில், மெல்லிய குழல் விளக்கொன்று தாளின்மீது ஒளி பாய்ச்சுகிறது. திரும்பிவரும் ஒளி கண்ணாடிகளாலும் வில்லையாலும் சில்லின்மீது குவிக்கப்படுகிறது. விளக்கையும் மோட்டாரையும் இயக்க வெளியே ஓர் அடாப்டர் இருக்கும். பெரும்பாலும் அது 12 வோல்ட்டு தருவது. சிலவற்றில் 24 வோல்ட்டு. மற்றொரு வகை, மெலிந்த உடலும் எல்.இ.டி. விளக்கும் உடையது. அதற்கு அடாப்டர் இல்லை, கணிப்பொறியின் யூ.எஸ்.பி. கம்பி வழியாக 5 வோல்ட்டில் கிடைக்கும் 0.5 ஆம்பியரே, அதாவது 2.5 வாட்டே, அதற்குப் போதுமானது. கையிலுள்ள கருவி எவ்வகையது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளியிலிருந்து உள்நோக்கி

பல ஸ்கேனர்களுக்குச் சுவிட்சே கிடையாது. கணிப்பொறியுடன் இணைத்து, அதன் மென்பொருளைத் திறந்த பின்னரே சிலவற்றில் விளக்கு எரியும். எனவே தனியே வைத்துப் பார்த்து, கருவி இறந்துவிட்டதென முடிவு செய்தல் தவறு. கடகடவென்று ஓசை எழும்பி விளக்குத் தாங்கி நகராமலிருப்பின், மின்சாரம் வருகிறது என்றே பொருள். பயணத்துக்காகப் பூட்டிய தாழைத் திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து, சுவரிலுள்ள சாக்கெட்டில் ஒரு மேஜை விளக்கைப் பொருத்திச் சோதிக்கவும். பின்னர் அடாப்டரின் முகச்சீட்டைப் படிக்கவும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்த கருவியின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியதாயின், அது இணைத்த கணத்திலேயே எரிந்துபோயிருக்கலாம்.

சீட்டு சரியாயின் மல்டிமீட்டரால் அடாப்டரின் வெளியீட்டை அளக்கலாம். இங்குதான் பலரும் ஏமாறுகின்றனர். மீட்டர் 12 வோல்ட்டு காட்டுவதைக் கண்டு, அடாப்டரில் குறையில்லை என்று கருதிவிடுகின்றனர். மீட்டர் ஏறத்தாழ மின்சாரமே இழுப்பதில்லை. அடாப்டருக்குள் உள்ள மின்தேக்கிகளில் நனைந்திருக்கும் மின்பகுபொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்துவிடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். உலர்ந்த மின்தேக்கி, சுமையில்லாதபோது சரியாக இருப்பதுபோல் தோன்றி, கருவி மின்சாரம் இழுக்கத் தொடங்கியவுடன் கைவிட்டுவிடும்.

ஆகையால் சுமையேற்றி அளத்தல் இன்றியமையாதது. மோட்டார் வண்டிகளில் பயன்படும் 12 வோல்ட்டு, 5 வாட் பல்பு இதற்குப் போதும். அது ஏறத்தாழ 0.4 ஆம்பியர் இழுக்கும். 1 ஆம்பியர் அடாப்டருக்கு இரண்டு பல்புகளைப் பக்கஇணைப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கலாம். 24 வோல்ட்டு அடாப்டருக்கு ஒரே வகையான இரு பல்புகளைத் தொடரிணைப்பில் கோக்க வேண்டும். மீட்டர் 12-ஐ ஒட்டியே நின்றால் அடாப்டர் நல்லது. 9-க்கோ 7-க்கோ வீழ்ந்தாலும், பல்பு விட்டுவிட்டு மின்னினாலும் அடாப்டரை மாற்ற வேண்டும். கனத்த பழைய மின்மாற்றி அடாப்டர்கள், சுமையின்றி 15 அல்லது 16 வோல்ட்டு காட்டுவது இயல்பே.

புதிய அடாப்டரின் வோல்ட்டு பழையதற்கு ஒத்திருத்தல் வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். செருகியின் நடுப்பகுதி நேர்முனையா எதிர்முனையா என்பதையும், வெளியீடு ஒருதிசை மின்சாரமா மாறுதிசை மின்சாரமா என்பதையும் முகச்சீட்டுக் குறியால் அறிந்து ஒப்பிட வேண்டும். முனை மாறின் கருவி கெடும்.

யூ.எஸ்.பி. வகையாயின் வேறொரு கம்பியால், இடையில் பிரிப்பான் எதுவுமின்றி, கணிப்பொறியில் நேரே இணைத்துப் பார்க்கவும்.

எங்கே நிறுத்த வேண்டும்

அடாப்டர் நன்றாயிருந்தும் கருவி அசையாவிடின், அடிக்கடி செருகியதால் ஸ்கேனரின் மின்துளையில் பற்றாசு விரிசல் கண்டிருக்கலாம். அல்லது உட்பலகையின் பியூஸ் போயிருக்கலாம். மின் இணைப்பை நீக்கிய பின் மல்டிமீட்டரின் ஓம் அளவையில் இவற்றைச் சோதிக்கலாம். பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பி கட்டுதல் கூடாது. அதே அளவுள்ள புதிய பியூஸும் எரிந்தால், வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே முறை.

அடாப்டரை உடைத்துத் திறப்பது அபாயகரமானது. அதன் உள் மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட்டு இருக்கலாம். இணைப்பை நீக்கிய பின்னும் சிறிது நேரம் அது தங்கியிருக்கும். குழல் விளக்கிலோ சிறிதளவு பாதரசம் உண்டு. அது உடைந்தால் ஜன்னல்களைத் திறந்து, மாணவரை வெளியேற்றி, துண்டுகளைக் கெட்டி அட்டையால் சேர்த்து மூடிய பாத்திரத்தில் இடவேண்டும், துடைப்பத்தால் பெருக்கலாகாது. முற்றும் பயனற்ற கருவியை, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இச்சோதனை நல்லதொரு பாடமுமாகும். சுமையற்ற மின்னழுத்தத்துக்கும் சுமையுள்ள மின்னழுத்தத்துக்கும் உள்ள வேற்றுமையை, கரும்பலகையில் எழுதுவதைவிட ஒரு பல்பும் மீட்டரும் தெளிவாகக் காட்டிவிடும். சோதனை முடிந்ததும், அந்த அடாப்டர் எந்த ஸ்கேனருக்கு உரியது என்பதையும் சோதித்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, அதன் கம்பியிலேயே கட்டிவைப்பது நலம். ஒரே பெட்டியில் கிடக்கும் அடாப்டர்கள் ஒன்றுக்கொன்று மாறிப்போவதால் கெடும் கருவிகளை இச்சிறு சீட்டு காத்துவிடும்.