ஒரு ஸ்லைடும் ஒரு குவளை ஐஸ் தண்ணீரும்

பருவத்தின் கடைசி வாரத்தில் எங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மாணவர் படைப்புகள்தான். ஒரு குழுவுக்குப் பதினைந்து நிமிடம், பிறகு கேள்வி பதில், பிறகு அடுத்த குழு. தொடர்புத்திறன் பாடம் நடத்துகிறவள் என்பதால் ஆண்டுக்கு நூறு படைப்புகளையாவது கேட்டுவிடுகிறேன். மதிப்பெண் தாளில் உள்ளடக்கம், மொழி, குரல், நேரக் கட்டுப்பாடு என்று பல கட்டங்கள் இருக்கின்றன. விரிவுரையாளர்களாகிய எங்களிடம் எழுதப்படாத ஒரு கட்டமும் உண்டு. மதியம் தட்டை வைத்துக்கொண்டு உட்காரும்போது, காலையில் கேட்ட ஆறு குழுக்களில் எந்தக் குழுவைப் பற்றி நாங்களாகவே பேச ஆரம்பிக்கிறோம் என்பதே அது.

பெரும்பாலும் ஒரு குழுவைப் பற்றித்தான் பேசுவோம். சில நாள்களில் அதுவும் இல்லை. மற்றவர்கள் மோசமாகப் பேசினார்கள் என்று பொருள் இல்லை. தகவல் சரியாக இருந்திருக்கும், வண்ணங்கள் பொருத்தமாக இருந்திருக்கும், நால்வரும் நேரத்துக்குள் முடித்திருப்பார்கள். ஆனாலும் இரண்டு மணி நேரம் கழித்து, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று யாராவது கேட்டால், தலைப்பைத் தவிர எதுவும் நாக்கில் வராது.

என் அண்ணன் மகள் தொடக்கக் கல்லூரியில் படிக்கிறாள். திட்டப்பணிப் பாடத்துக்கு 2024ஆம் ஆண்டு முதல் தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை என்று மட்டுமே மதிப்பிடுகிறார்கள். “பாஸ் ஆனா போதும் அத்தை, இதுக்குப் போய் எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அவளுக்கு நான் மதிப்பெண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டு விண்வெளி ஓடங்களின் கதையைச் சொன்னேன். வகுப்பிலும் இதைத்தான் முதலில் சொல்வது வழக்கம்.

2003ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி கொலம்பியா விண்வெளி ஓடம் ஏழு பேருடன் புறப்பட்டது. இந்தியாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அவர்களில் ஒருவர். புறப்பட்டு ஒன்றரை நிமிடம்கூட ஆகியிருக்காது. எரிபொருள் தொட்டியை மூடியிருந்த நுரைப் பூச்சிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து, ஓடத்தின் இடப்பக்க இறக்கையில் மோதியது. ஓடம் வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து, நாசா நிர்வாகிகளுக்குப் பவர்பாயிண்ட் மூலம் விளக்கினார்கள்.

அந்தப் படைப்பில் ஒரு ஸ்லைடு பின்னால் உலகப் புகழ் பெற்றது. நல்ல காரணத்துக்காக அல்ல. அதன் தலைப்பு, பழைய சோதனை முடிவுகள் கவலைப்படத் தேவையில்லாத பக்கமே சாய்கின்றன என்று நினைக்க வைத்தது. அதன் கீழே ஒரு புள்ளி, அதற்குள் ஓர் உட்புள்ளி, அதற்கும் உள்ளே இன்னொன்று என்று சிறிய எழுத்துகள் இறங்கிக்கொண்டே போயின. எல்லாவற்றுக்கும் அடியில்தான் முக்கியமான செய்தி இருந்தது. சோதனையில் பயன்படுத்திய நுரைத் துண்டின் அளவு 3 கன அங்குலம். கொலம்பியாவின் மீது மோதியது சுமார் 1,920 கன அங்குலம், அதாவது 640 மடங்கு பெரியது. அந்தச் சோதனை இந்த மோதலுக்குப் பொருந்தாது என்பதே அதன் பொருள். ஆனால் அந்த வாக்கியம் யார் கண்ணிலும் உறைக்கிற மாதிரி எழுதப்படவில்லை.

பிப்ரவரி 1ஆம் தேதி பூமிக்குத் திரும்பும்போது கொலம்பியா டெக்சஸ் வானில் சிதறியது. ஏழு பேரும் உயிரிழந்தனர். தகவல் வடிவமைப்பு வல்லுநர் எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்து ஆராய்ந்தார். அதே ஆண்டு வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கையிலும் அந்த ஆய்வு இடம்பெற்றது. விபத்துக்கு அந்த ஒரு ஸ்லைடுதான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. நாசாவின் நிர்வாகப் போக்கையே அறிக்கை கடுமையாகக் குறை கூறியது. ஆனால் ஓர் உயர் அதிகாரி அந்த ஸ்லைடைப் படித்துவிட்டு, இது உயிர் போகும் விஷயம் என்பதை உணராமலே போயிருக்க முடியும் என்றும் அறிக்கை சொன்னது.

அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், 1986 ஜனவரி 28ஆம் தேதி, சேலஞ்சர் என்ற இன்னொரு ஓடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறியது. அதிலும் ஏழு பேர். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப் போயினவா என்பது விசாரணையில் எழுந்த பெரிய கேள்வி. நாள்கணக்கில் வரைபடங்களும் விளக்கங்களும் வந்துகொண்டிருந்தன. குழுவில் இருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், தொலைக்காட்சிக் கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ரப்பரின் ஒரு துண்டைச் சின்னக் கிளாம்ப்பில் இறுக்கி, தமக்கு வைத்திருந்த ஐஸ் தண்ணீரில் போட்டார். சற்று நேரம் கழித்து எடுத்துத் தளர்த்திக் காட்டினார். ரப்பர் பழைய வடிவத்துக்கு உடனே திரும்பவில்லை. அதை விளக்க அவருக்கு ஓரிரு வாக்கியங்களே தேவைப்பட்டன.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். என் மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதற்கு முந்திய பகுதியை. அந்தக் கிளாம்ப்பை ஃபைன்மன் அன்று காலையில் கடை தேடிப் போய் வாங்கினார். கூட்டத்துக்கு முன்பே ஒருமுறை தண்ணீரில் போட்டுப் பார்த்துக்கொண்டார் என்பதை அவரே பிறகு எழுதியிருக்கிறார். கூட்டத்தில் அவர் அவசரப்பட்டுப் பேச முனைந்தபோது, பக்கத்தில் இருந்த ராணுவ ஜெனரல் தடுத்து, பேச்சு அந்த இணைப்பைப் பற்றிய பகுதிக்கு வரும்வரை காத்திருக்கச் சொன்னார். பார்ப்பவர்களுக்கு அது அந்த நேரத்தில் தோன்றிய யோசனைபோல இருந்தது. உண்மையில் அதற்குப் பொருள் தேடல், ஒத்திகை, நேரம் பார்த்தல் மூன்றும் தேவைப்பட்டன.

“நாங்கள் விண்வெளி ஓடம் விடவில்லையே மிஸ்” என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் சொல்வார். சரி, உள்ளூர்க் கதைக்கே வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு, முதியவர்கள் மருந்து சாப்பிடுவதில் உள்ள சிரமங்களைத் தலைப்பாக எடுத்தது. முதல் ஒத்திகையில் பத்தொன்பது ஸ்லைடுகள். முதுமையடையும் மக்கள்தொகை, நாட்பட்ட நோய்கள், வட்ட வரைபடம், செங்கோட்டு வரைபடம் எல்லாம் இருந்தன. கேட்டு முடித்ததும், “இந்தத் தலைப்பை ஏன் எடுத்தீர்கள்?” என்று கேட்டேன். மூவர் நான்காவது மாணவியைப் பார்த்தார்கள். அவளுடைய பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். பலதுறை மருந்தகத்திலிருந்து வாங்கிவரும் பொட்டலங்களில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதனால் வீட்டில் ஒவ்வொரு பொட்டலத்திலும் மார்க்கர் பேனாவால் சூரியன், நிலா, சோற்றுத் தட்டு என்று வரைந்து கொடுப்பார்களாம். பத்தொன்பது ஸ்லைடுகளில் ஒன்றில்கூட அந்தப் பாட்டி இல்லை.

மதிப்பீட்டு நாளில் நாங்கள் அறைக்குள் நுழைந்தபோது ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொட்டலம் இருந்தது. உள்ளே மூன்று நிற மிட்டாய்கள். மேலே பர்மிய எழுத்தில் அச்சடித்த ஒட்டுச்சீட்டு. “இதில் எதைச் சாப்பாட்டுக்கு முன் சாப்பிட வேண்டும்? இருபது விநாடி தருகிறோம்” என்றாள் அந்த மாணவி. அறை அமைதியானது. என் பக்கத்தில் இருந்த மூத்த விரிவுரையாளர் பொட்டலத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். இருபது விநாடி முடிந்ததும், “என் பாட்டி ஒரு நாளைக்கு மூணு தடவை இப்படித்தான் உட்கார்ந்திருப்பாங்க” என்றாள். பிறகுதான் முதல் ஸ்லைடு வந்தது. மார்க்கரால் சூரியன் வரைந்த உண்மையான பொட்டலத்தின் படம், வேறு எதுவும் இல்லை. புள்ளிவிவரங்கள் அதன் பிறகு வந்தன. இப்போது அவற்றை நாங்கள் கவனித்துக் கேட்டோம். பொட்டலங்களை முதலில் கையால் விநியோகிக்கத்தான் நினைத்திருந்தார்கள். ஒத்திகையில் அதற்கே இரண்டு நிமிடம் போனதால், முன்கூட்டியே நாற்காலிகளில் வைத்துவிட்டார்கள்.

அதற்காக எல்லாரும் மிட்டாய் வாங்கிவர வேண்டாம். (அடுத்த ஆண்டு மூன்று குழுக்கள் மிட்டாய் கொண்டுவந்தன. ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை.) அந்தக் குழு சரியாகச் செய்த வேலை கணினியை மூடிவிட்டு யோசித்ததுதான். எங்கள் பேச்சைக் கேட்டவர் வீட்டுக்குப் போய், இரவுச் சாப்பாட்டின்போது இதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அது என்னவாக இருக்க வேண்டும்? அந்த வாக்கியத்தை முதலில் தாளில் எழுதுங்கள். அது கிடைக்காதவரை ஸ்லைடு பக்கம் போகாதீர்கள். கிடைத்தபின், அதற்கு உதவாத ஸ்லைடுகளை எடுத்துவிடுங்கள். மனம் வராது, உழைத்துத் தேடிய தகவலாயிற்றே! ஆனால் நீங்கள் எவ்வளவு உழைத்தீர்கள் என்பதை எழுத்து அறிக்கை காட்டும். படைப்பின் வேலை வேறு.

தலைப்புகளையும் கவனியுங்கள். “ஆய்வு முடிவுகள்” என்று போட்டால் எதுவும் சொல்லவில்லை. “பேசிய முதியவர்களில் பாதிப் பேர் நிறத்தை வைத்தே மருந்தை அடையாளம் காண்கிறார்கள்” என்று போட்டால், தலைப்பை மட்டும் பார்த்தவருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். கொலம்பியா ஸ்லைடின் தலைப்பில் அந்த 640 மடங்கு இருந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள்.

ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிப்பது எங்கள் மாணவர்களின் தீராத பழக்கம். திரையில் வரிகள் இருக்கும்போது கண் படிக்கிறது, காது கேட்கிறது, இரண்டும் மோதிக்கொள்கின்றன. குரல் விளக்கத்தோடு படம் மட்டும் காட்டியபோது மாணவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டதையும், அதே சொற்களைத் திரையிலும் ஓடவிட்டபோது கற்றல் குறைந்ததையும் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் சோதனைகளில் காட்டியிருக்கிறார். தமிழில் படைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் இரண்டு வரியாகும். உடனே எழுத்தைச் சிறிதாக்கிவிடுகிறோம். எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், சொற்களைக் குறையுங்கள்.

1990இல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி செய்த ஓர் ஆய்வை வகுப்பில் செய்து பார்ப்பதுண்டு. ஒருவர் எல்லாருக்கும் தெரிந்த பாட்டை மேசையில் விரலால் தட்ட வேண்டும், மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள் பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடித்தது மூன்றுதான். தட்டுகிறவர் மனத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பவருக்கு வெறும் டொக் டொக் சத்தம். மூன்று மாதம் ஒரு தலைப்பில் ஊறிய குழுவும் அப்படித்தான். அதனால் ஒத்திகையைத் தலைப்பைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர்முன் செய்யுங்கள், தம்பி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி, யாராக இருந்தாலும் சரி.

ஒத்திகை என்றால் எழுந்து நின்று, வாய்விட்டு, நேரம் பார்த்துப் பேசுவது. பேருந்தில் உட்கார்ந்து மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. முழு உரையையும் மனப்பாடம் செய்யும் மாணவர்கள் ஒரு சொல் மறந்தால் முழுவதுமாக நின்றுவிடுகிறார்கள். தமிழில் இது அதிகம் நடக்கிறது. எழுத்துத் தமிழில் எழுதியதை ஒப்பிப்பதால். பள்ளிகளில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. மேடையில் அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்குத் தயார் செய்யுங்கள். மற்றதைக் குறிப்புகளாக வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கை நடுங்குமே என்றால், நடுங்கட்டும். 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ், பேசப்போகும் சிலரிடம் “நான் அமைதியாக இருக்கிறேன்” என்றும் வேறு சிலரிடம் “நான் உற்சாகமாக இருக்கிறேன்” என்றும் சொல்லச் சொன்னார். இரண்டாம் குழுவினர் மேலும் நன்றாகப் பேசினார்கள். படபடக்கும் இதயத்தை அமைதி என்று நம்ப வைப்பதைவிட உற்சாகம் என்று நம்ப வைப்பது எளிது போலும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒரு நிமிடத்தில் இருபது ஸ்லைடு செய்து தருகிறது. அதைப் பயன்படுத்தினார்களா என்று நான் கேட்பதில்லை. “மூன்றாவது ஸ்லைடு ஏன் இங்கே இருக்கிறது?” என்று கேட்பேன். பாட்டியின் பொட்டலத்தைக் காட்டிய மாணவியிடம் இதைக் கேட்டிருந்தால் பத்து நிமிடம் பேசியிருப்பாள்.

கேள்வி நேரத்தில் பதில் தெரியாவிட்டால், எவ்வளவு தூரம் பார்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். “நாங்கள் பேசியது ஒரே வட்டாரத்தில் பன்னிரண்டு முதியவர்களிடம்தான், அதனால் தீவு முழுதும் அப்படியா என்று சொல்ல முடியாது” என்று அந்தக் குழுவில் ஒரு மாணவர் சொன்னார். நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

இன்னொன்று. “நன்றி, கேள்விகள்?” என்று பெரிய எழுத்தில் கடைசி ஸ்லைடு போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கேள்வி பதில் நடக்கும் ஐந்து நிமிடமும் திரையில் இருப்பது அந்த ஸ்லைடுதான். உங்கள் படைப்பிலேயே அதிக நேரம் எல்லார் கண்ணிலும் படும் பக்கம் அது. அந்தக் குழு அங்கே மறுபடியும் மார்க்கரால் சூரியன் வரைந்த பொட்டலத்தைப் போட்டு, கீழே தங்கள் பரிந்துரையை ஒரே வரியில் எழுதியிருந்தது. நன்றியை வாயால் சொன்னார்கள்.