பழைய மேசை ரம்பத்துக்கும் பாதுகாப்பு உண்டு

பழைய மேசை ரம்பத்தில் பலகை அறுப்பவர்கள் பெரிதும் அஞ்ச வேண்டியது, பலகை எகிறி அடிப்பதற்குத்தான். நீளவாக்கில் அறுக்கும்போது சில பலகைகள் உள்ளிறுக்கம் தளர்ந்து வளையும். அப்போது வெட்டிய பிளவு மூடி, சுழலும் பிளேடின் பின்பகுதியைக் கவ்வும். அங்கே மேலெழும் பற்கள் பலகையைத் தூக்கி, அறுப்பவர் மீதே வீசிவிடும். கையும் பிளேடை நோக்கி இழுபடலாம்.

பிளவை மூடவிடாமல் தடுப்பது, பிளேடின் பின்னால் நிற்கும் ஒரு மெல்லிய தகடு. புதிய இயந்திரங்களில் அது பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும். பழையவற்றில் அதற்கான அமைப்பு பெரும்பாலும் இருக்காது. எனினும், பிளேடைச் சுற்றியுள்ள மூடிப்பலகையில் ‘ஸ்பிளிட்டர்’ எனும் நிலையான தகட்டைப் பொருத்தலாம்.

தகடு, பிளேடின் உடலைவிடச் சற்றுத் தடிப்பாகவும் பிளவைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். உடல் 2.2 மில்லிமீட்டர், பிளவு 3.2 மில்லிமீட்டர் என்றால், 2.6 மில்லிமீட்டர் தகடு பொருந்தும். அது பிளேடுக்கு நேர்க்கோட்டில், பற்களைத் தொடாமல், மிக அருகில் நிற்க வேண்டும். பொருத்துமுன் மின் இணைப்பைக் கழற்றுவது கட்டாயம்.

பலகையில் பள்ளம் மட்டும் வெட்டும்போது தகட்டைக் கழற்ற நேரிடும். வேலை முடிந்ததும் மறக்காமல் மாட்டினால்தான் அது விரல்களைக் காக்கும்.