சரக்கும் செய்தியும்

தொழிற்சாலை என்றவுடன் உயர்ந்த புகைபோக்கியும் இரைந்து சுழலும் இயந்திரங்களும் நம் மனக்கண்முன் எழுகின்றன. ஆனால், ஒரு பொருள் உருவாகும் கதை ஆலையின் வாயிலுக்குள் தொடங்குவதுமில்லை, அங்கே முடிவதுமில்லை. நம் வீட்டில் சுழலும் மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். தாமிரக் கம்பி ஓரிடத்திலிருந்தும், எஃகுத் தகடு வேறோரிடத்திலிருந்தும், அலுமினிய இறக்கைகள் ஒரு சிறு பட்டறையிலிருந்தும் வந்து சேர்ந்தாலன்றி அது உருப்பெறாது. உருப்பெற்ற பின்னரும் கிடங்கு, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்னும் படிகளைக் கடந்தே நம்மை அடைகிறது. இந்த வரிசை முழுவதையும் 'வழங்கல் சங்கிலி' என்று வழங்குகின்றனர். மொழிபெயர்ப்பில் சொல்லும் பொருளும் இணங்க மறுத்து நம்மைச் சோதிப்பதுண்டு. இச்சொல்லோ நன்கு பொருந்துகிறது. சங்கிலியின் ஒரு முனையை மெல்ல அசைத்தாலும் மறுமுனை துள்ளுகிறதல்லவா?

அந்தத் துள்ளலை ஒரு கணக்கினால் விளக்குவோம். வாரத்துக்கு 100 மின்விசிறிகள் விற்கும் கடையொன்றில், வெயில் மிகுந்த ஒரு வாரத்தில் 110 விற்றன என்று வைத்துக்கொள்வோம். வெயில் நீடிக்கும் என்றெண்ணிய கடைக்காரர் 120 கேட்கிறார். தேவை பெருகிவிட்டது என்று கருதிய மொத்த வியாபாரி, கையிருப்புக்கும் சேர்த்து 140 கேட்கிறார். ஆலை 160 செய்யத் திட்டமிட்டு, 180 விசிறிகளுக்கான இறக்கைகளைப் பட்டறையிடம் கேட்கிறது. பட்டறைக்காரர் கடன் வாங்கி அலுமினியம் வாங்குகிறார். புதிதாக இரண்டு தொழிலாளர்களை அமர்த்துகிறார். அடுத்த வாரம் மழை பெய்கிறது. கடையில் சரக்கு தேங்குகிறது. மொத்த வியாபாரி வாங்குவதைக் குறைக்கிறார். ஆலையோ பட்டறைக்கு ஒரு சீட்டும் அனுப்பவில்லை. கடையில் ஏற்பட்ட மாற்றம் பத்தே விசிறிகள். பட்டறையிலோ இரண்டு பேர் வேலையிழந்தனர், ஒருவர் கடனாளியானார். இதில் எவரும் தவறிழைக்கவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு முன்னுள்ள ஒருவரின் கோரிக்கையை மட்டுமே கண்டனர். கடையில் உண்மையில் விற்றதை எவரும் காணவில்லை.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர் 1961-இல் வெளியிட்ட நூலில் இந்நிலையை விரிவாக ஆராய்ந்தார். 1997-இல் ஹாவ் லீ முதலிய அறிஞர்கள், குழந்தைகளுக்கான டயபர் விற்பனையிலும் இதே குறை நேர்வதை எடுத்துக்காட்டினர். குழந்தைகளின் தேவை வாரந்தோறும் பெரிதாக மாறுவதில்லை. எனினும் மேற்படிகளில் கோரிக்கைகள் பெரிதும் ஏறி இறங்கின. கைப்பிடியில் சிறிதே அசைக்க நுனியில் வீச்சு பெருகும் சாட்டையை ஒத்திருப்பதால் இதனைச் 'சாட்டை விளைவு' என்கின்றனர்.

ஆகவே, நோய் சரக்கில் இல்லை, செய்தியில் இருக்கிறது. கணினிகள் பரவுமுன்பே இதனை உணர்ந்தவர்கள் ஜப்பானியர். டொயோட்டா நிறுவனத்தின் தைச்சி ஓனோ, அமெரிக்கப் பேரங்காடிகளில் விற்ற அளவுக்கே அலமாரி நிரப்பப்படும் முறையைக் கருத்திற்கொண்டு, 'கான்பன்' என்னும் அட்டை முறையை வகுத்தார். உறுப்புகள் அடங்கிய பெட்டியோடு ஓர் அட்டை வரும். பெட்டியை எடுத்துப் பயன்படுத்தியதும் அட்டை மட்டும் முந்தைய பிரிவுக்குத் திரும்பிச் செல்லும். அட்டை வந்த அளவுக்கே புதிதாகச் செய்யவேண்டும்; மிகுதியாகச் செய்தலாகாது. பிற்காலத்தில் அந்த அட்டையின் பணியைக் கணினிச் செய்தி மேற்கொண்டது. 1974-ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலக் கடையொன்றில் முதன்முதலாகப் பட்டைக்குறியீடு படிக்கப்பட்டு ஒரு பொருள் விற்கப்பட்டது. அதன் பின்னர், விற்ற கணமே விற்பனை பதிவாவது எளிதாயிற்று. அப்பதிவைக் கடை, ஆலை, பட்டறை ஆகிய மூவரும் ஒருங்கே காண இயலுமானால், ஊகத்தின் இடத்தை உண்மை கைக்கொள்ளும்.

நம் நாட்டில் ஆலைக்கும் கடைக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. லாரி எங்கே இருக்கிறது என்பதே ஒருகாலத்தில் புதிராயிருந்தது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்து, மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சாவடிகள் அகற்றப்பட்டன. 2018 ஏப்ரல் முதல், மாநிலங்களுக்கிடையே செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குப் பொதுவாக மின்வழிச்சீட்டு வேண்டும் என்றாயிற்று. 2021 பிப்ரவரியில் சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் வெளியான தேசியத் தளவாடக் கொள்கையுடன், ரயில், துறைமுகம், சாலை முதலிய துறைகளின் தகவல்களை ஒருவழியாகப் பெறும் இணைப்புத் தளமும் தொடங்கப்பட்டது.

எனினும், செய்தி முதற்படியோடு நின்றுவிட்டால் பயன் குறைவு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நேர்ந்த நிலநடுக்கத்தில் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை சேதமுற்றது. மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய நுண்கட்டுப்பாட்டுச் சில்லுகள் அங்கே உற்பத்தியாகி வந்தன. பல வழிகளில் உறுப்புகளை வாங்கி வந்த வண்டி நிறுவனங்கள், அவ்வழிகள் பலவும் பின்னே அந்த ஓர் ஆலையிலேயே சென்று முடிவதை அப்போதுதான் அறிந்தன. அதன்பின் டொயோட்டா, தனக்கு நேராக விற்பவர்களையன்றி, அவர்களுக்கு விற்பவர்களையும் படிப்படியாகப் பதிந்து ஒரு தகவல் தொகுப்பை உருவாக்கியது. 2021-இல் உலகெங்கும் சில்லுப் பஞ்சம் தோன்றியபோது அந்நிறுவனம் தொடக்கத்தில் பிறரினும் நன்கு தாங்கியது. ஆயினும் அவ்வாண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. முன்னறிவு இடரை நீக்கிவிடுவதில்லை. எதிர்கொள்ள அவகாசம் தருகிறது.

கணினிக்கும் ஓர் எல்லை உண்டு. கிடங்கில் இல்லாத சரக்கை இருப்பதாக எழுதிவைத்தால், அது அப்பொய்யை மிக விரைவாக எல்லோருக்கும் அறிவிக்கும், அவ்வளவே. மேலும், பெரிய ஆலை தன் விற்பனை விவரத்தை மறைத்துக்கொண்டு, பட்டறையின் கையிருப்பை மட்டும் அறிய விரும்பினால், அதனைக் கூட்டுறவு என்று கூறுவதற்கில்லை. சுமை சிறியவர் தோளுக்கு மாறியது என்பதே அதன் பொருள்.

பணமும் இச்சங்கிலியில் ஓடும் ஒரு செய்தியே. அது எதிர்த்திசையில் ஓடுகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் செலுத்தவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ரிசர்வ் வங்கியின் ஒப்புதலுடன் நடைபெறும் 'ட்ரெட்ஸ்' தளங்களில், வாங்கியவர் ஒப்புக்கொண்ட பட்டியலைக் காட்டி, சிறிது கழிவுடன் நிதி நிறுவனங்களிடமிருந்து முன்னதாகவே பணம் பெறலாம். தவணை நாளில் வாங்கியவர் அந்நிறுவனத்துக்குச் செலுத்துவார்.

மீண்டும் அந்த இறக்கைப் பட்டறையை நினைத்துப் பார்ப்போம். கடையில் விற்றவை 110 மட்டுமே என்பதை அதன் உரிமையாளர் அன்றே கண்டிருந்தால், 180-க்குக் கடன் வாங்கியிருப்பாரா? புதிதாக வந்த இருவரும் மழையோடு வேலையிழந்திருப்பார்களா? தொழிலில் தகவல் நுட்பத்தின் பயனை அளக்க விரும்பும் நாம், பெரிய ஆலையின் இலாபக் கணக்கோடு நின்றுவிடாமல், சங்கிலியின் கடைசிப் பட்டறையிலும் சென்று கேட்டறிவது முறையாகும்.