கை ஓங்குவதற்கு முன்னால்

செகந்திராபாத்தின் வடகிழக்கே இருக்கிறது சைனிக்புரி. ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக உருவான குடியிருப்பு. இன்று கல்லூரி மாணவிகளும் ஐ.டி. ஊழியர்களும் அங்கே ஏராளம். அப்படிப்பட்ட ஒரு தெருவில் மாலையில் தனியாக நடப்பவரை ஒருவன் வழிமறித்தால்? தற்காப்பு என்றதும் நமக்குச் சினிமா உதைதான் நினைவுக்கு வருகிறது. உடலியல் முதலில் கேட்பதோ, அவன் எத்தனை அடி தள்ளி நிற்கிறான் என்பதை.

1983இல் அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யூலர் ஒரு கணக்கைச் சொன்னார். கத்தியோடு ஓடிவருபவன் 21 அடியைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை நொடி போதும். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அதே நேரம்தான் ஆகும். துப்பாக்கி வைத்திருப்பவர் பாடே இப்படி! எதிர்பார்த்துக் காத்திருக்கும் விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்தவே நமக்கு 0.2 நொடி பிடிக்கும். எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் கூடக்கூட அந்த நேரமும் நீளும் என்று 1952இல் வில்லியம் ஹிக் காட்டினார். ஒரே வாரத்தில் இருபது பிடிகள் கற்றுத்தரும் முகாம்கள் மீது எனக்கு நம்பிக்கை வராததற்கு இதுவே காரணம். உடம்பில் ஊறிய இரண்டு போதும்.

ஒன்று, மணிக்கட்டை விடுவிப்பது. பிடித்திருக்கும் கையில் நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் மட்டும் மறுபக்கம். நேராகப் பின்னால் இழுத்தால் அந்த நான்கோடும் மல்லுக்கட்ட வேண்டும். கட்டைவிரலும் மற்ற விரல்நுனிகளும் சந்திக்கும் இடைவெளியை நோக்கி, முழங்கையை மடக்கி, இடுப்பும் சேரத் திரும்பினால் கட்டைவிரல் தனியாக நம் மொத்த உடம்பைத் தாங்க வேண்டியிருக்கும். மற்றொன்று, உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கையோ தாடையையோ தாக்குவது. முஷ்டியால் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு எளிதில் முறியும். மருத்துவத்தில் இதற்குக் ‘குத்துச்சண்டை வீரர் முறிவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முறித்துக்கொண்டு வருபவர்களோ பெரும்பாலும் பயிற்சியே இல்லாதவர்கள். தாக்குவதும் ஜெயிப்பதற்காக அல்ல, ஓட ஒரு நொடி கிடைப்பதற்காக.

இவ்வளவும் தெரிந்தும் உடம்பு அசையாமல் போகலாம். ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் தாக்குதலின்போது குறிப்பிடத்தக்க அளவில் உறைந்துபோயிருந்தார்கள். “ஏன் கத்தவில்லை?” என்று கேட்கும் போலீஸ்காரரும் வக்கீலும் படிக்க வேண்டிய ஆய்வு அது. கத்துவதும் தசைகளின் வேலைதான். அதற்கும் ஒத்திகை வேண்டும்.

பயிற்சி பலன் தருமா? கனடாவில் 893 முதலாண்டு மாணவிகளை இரு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2015இல் வந்தது. 12 மணி நேரப் பயிற்சி பெற்றவர்களில் ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 5.2 சதவீதம், துண்டறிக்கைகள் மட்டும் பெற்றவர்களில் 9.8 சதவீதம். அந்தப் பயிற்சியில் அடிதடி ஒரு பகுதிதான். தெரிந்தவன் எல்லை மீறும் அறிகுறியைச் சீக்கிரம் கண்டுகொள்வதும், அவன் மனம் நோகுமே என்று தயங்காமல் மறுப்பதும் மிச்சம். ஹைதராபாத்தில் 2014 அக்டோபரில் தொடங்கிய ஷீ டீம்ஸ் போலீஸ் குழுக்கள் மஃப்டியில் பஸ் நிறுத்தங்களில் நிற்பதும் பின்தொடர்தல், சீண்டல் என்ற கட்டத்திலேயே பிடிக்கத்தான்.

சட்டமும் நேரத்தைப் பார்க்கிறது. இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் ஊறு விளைவிக்க அனுமதிப்பதில்லை. உடலுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழும் கணத்தில், அடி விழுவதற்கு முன்பே, உரிமை தொடங்கிவிடுகிறது. அச்சம் நீங்கினால் முடிந்துவிடுகிறது. விழுந்துகிடப்பவனை மேலும் நாலு மிதி மிதித்தால், வழக்கு மிதித்தவர் மேல் வரும்.