பட்டுப்பூச்சியும் மாடப்புறாவும்

மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்த்து வரும் உயிரினங்களில் இவ்விரண்டும் உண்டு. இரண்டுக்கும் இறக்கை இருக்கிறது. ஆனால் பட்டுப்பூச்சியால் பறக்க முடியாது.

சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் அதை வளர்க்கத் தொடங்கினார்கள். அதன் காட்டு இனம் இன்றும் அங்கே பறந்து திரிகிறது. வளர்ப்புப் புழுவுக்கோ முசுக்கொட்டை இலை தட்டுக்கே வந்துவிடும். இரை தேட வேண்டியதில்லை. தப்பி ஓடவும் வேண்டியதில்லை. தடித்த கூடு கட்டுபவற்றையே மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினான். விளைவு, இன்றைய பூச்சி இறக்கையை அடித்துக்கொண்டு நடக்கத்தான் செய்கிறது. வளர்ந்த பூச்சி எதுவும் உண்பதில்லை. சில நாட்களில் ஜோடி சேர்ந்து, நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு இறந்துவிடும். தன் குஞ்சுகளை அது பார்ப்பதே இல்லை.

அந்தச் சில நாட்கள்கூடப் பெரும்பாலானவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஒரு கூடு என்பது ஏறக்குறைய 900 மீட்டர் வரை நீளும் ஒரே இழை. பூச்சி துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துவிடும். எனவே உள்ளே இருக்கும்போதே ஆவியிலோ வெந்நீரிலோ கொன்றுவிடுகிறார்கள். நம் வீட்டுத் திருமணப் பட்டுச் சேலை ஒன்றில் இப்படி ஆயிரக்கணக்கான கூடுகள் இருக்கின்றன. (ஆண்களுக்குப் பட்டு கூடாது என்ற மார்க்கச் சட்டத்தை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு விஷயம்.)

மாடப்புறாவுக்கு மனிதன் கொடுத்தது பெரும்பாலும் மாடம் மட்டுமே. காலையில் வெளியே போய் வயல்களில் மேய்ந்துவிட்டு அதுவே திரும்பி வந்தது. திரும்பி வரும் அந்தத் திறமைதான் மனிதனுக்கும் தேவைப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவை ஆண்ட சுல்தான் நூருத்தீன் ஸங்கி புறாத் தபாலை முறையாக அமைத்தார். சூரியன், பூமியின் காந்தப்புலம், வாசனை, பழகிய அடையாளங்கள் என்று பலவற்றைக் கொண்டு அது வழி கண்டுபிடிக்கிறது. குஞ்சுகளுக்குத் தாய் தந்தை இரண்டுமே தொண்டைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டுகின்றன. பறவைகளில் இது அபூர்வம்.

வளர்ப்பிலிருந்து தப்பிய புறாக்களின் சந்ததிகள் உலகத்தின் நகரங்களிலெல்லாம் யார் தயவும் இல்லாமல் வாழ்கின்றன. பட்டுப்புழுவை முசுக்கொட்டை மரத்தில் விட்டுப் பாருங்கள், அது பிழைப்பது மிக அரிது.

மாடியில் புறா வளர்க்கும் நம் பிள்ளைகள், புதிதாக வாங்கியது ஓடிவிடாமல் இருக்க அதன் இறகை வெட்டிவிடுவதுண்டு. அடுத்த முறை இறகு உதிரும்போது அது மறுபடி முளைத்துவிடும்.