காயலாங்கடைக்குப் போகாத கிழட்டு லாரிகள்! வயதைப் பார்ப்பதா, பிரேக்கைப் பார்ப்பதா?

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். பல்லில் வயது தெரிந்துவிடும்.

லாரி வாங்கப் போனால்? ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் வயது தெரியும். ஆனால் அந்த லாரிக்கு இன்னும் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது!

பூந்தமல்லியின் டி.என்.12, அம்பத்தூரின் டி.என்.13 எண் பலகைகளோடு ஓடும் பழைய லாரிகளின் தலைவிதி இதில்தான் தொங்கிக்கொண்டு இருக்கிறது.

வண்டியைக் காயலாங்கடைக்குப் போடுவதா? இல்லை, பட்டறையில் விட்டு இன்னும் நாலு வருஷம் ஓட்டுவதா?

25 ஆயிரம் ரூபாய்!

லாரி என்றால் எப்.சி. காட்ட வேண்டும். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. உண்டு. பிரேக், விளக்கு, ஸ்டீயரிங், புகை எல்லாம் சரியாக இருந்தால்தான் முத்திரை விழும்.

15 ஆண்டு தாண்டிய கனரக வண்டிக்கு எப்.சி. புதுப்பிக்க 12,500 ரூபாய் என்று 2021 அக்டோபரில் மத்திய அரசு விதி போட்டது. 2025 நவம்பரில் அடுத்த அடி விழுந்தது. 20 ஆண்டு தாண்டிய கனரக வண்டிக்குத் தகுதிச் சோதனைக் கட்டணம் 25 ஆயிரம் ரூபாய் என்று அறிவிப்பு வந்தது.

25 ஆயிரம் என்றால் ஏறக்குறைய ஒரு புது லாரி டயரின் விலை. அதுவும் வருஷா வருஷம்!

பழைய வண்டியை வைத்துக்கொள்ளாதே, விட்டுவிடு என்பதுதான் இதன் பொருள். பதிவு பெற்ற நிலையத்தில் வண்டியை உடைக்கக் கொடுத்தால், அடுத்து வாங்கும் வணிக வண்டிக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை என்றும் திட்டம் இருக்கிறது.

12 வயதில் "ரிட்டயர்"

லாரிக்கு 20 வயதில்தான் முதுமை வருகிறது என்று நினைக்காதீர்கள். மாநிலம் விட்டு மாநிலம் போக நேஷனல் பெர்மிட் வேண்டும். சாதாரண லாரிக்கு 12 வயது வரைதான் அது கிடைக்கும். மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 வயது.

அதற்குப் பிறகு பம்பாய், டெல்லி "லைன்" எல்லாம் கிடையாது. உள்ளூர்ப் பிழைப்புதான். ஜல்லி, செங்கல், தொழிற்பேட்டைச் சரக்கு, தண்ணீர்!

2019 கோடை மறந்திருக்காது. ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு ரெயிலில் தண்ணீர் வந்தது. ரெயில் வில்லிவாக்கத்தோடு நின்றுவிடும். தெருமுனைக்குத் தண்ணீர் கொண்டுவர லாரி வேண்டும். முதுகில் டாங்கைக் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு நாலைந்து நடை அடிப்பதற்குப் பளபளக்கும் புது வண்டி தேவையா?

பிறந்த வீடும் இதுதான்

பழைய லாரியை ஓட்டுவதற்கு இந்த வட்டாரத்தை விட வசதியான இடம் கிடைப்பது அரிது.

லாரி பிறந்ததே பக்கத்தில்தான். எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. "லேலண்டு" என்றால் லாரி என்று சொல்லும் அளவுக்குப் பெயர் நிலைத்தது.

பாடிக்கு வாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு லூகாஸ் டி.வி.எஸ்., சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, போல்ட்டு நட்டுக்கு சுந்தரம் பாஸனர்ஸ். எல்லாம் 1960-களில் வேர்விட்ட கம்பெனிகள். அதையும் தாண்டினால் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகள். எங்கும் கிடைக்காத பழைய சாமானுக்கு இருக்கவே இருக்கிறது புதுப்பேட்டை!

பழைய டீசல் என்ஜின் முழுக்க முழுக்க இரும்பு வைத்தியம். லைனர் தேய்ந்தால் லைனரை மாற்றலாம். கிராங்க் ஷாப்ட் தேய்ந்தால் கடைசல் பிடிக்கலாம். டீசல் பம்ப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்து அளவு பார்க்கலாம். பட்டை ஒடிந்தால் அந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றலாம். டயர் வழுக்கையானால் ரீபட்டன் போட்டுப் பின் சக்கரத்தில் ஓட்டலாம்.

2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ்.6 லாரி அப்படி அல்ல. சென்சார், கம்ப்யூட்டர், புகையைக் கழுவ யூரியா கரைசல் என்று அதன் உடம்பே வேறு. கோளாறு என்றால் ஸ்பானரோடு லேப்டாப்பும் வேண்டும்.

டாங்கிக்கு ஒரு நியாயம்

பழசைப் புதுப்பித்து ஓட்டுவது ஏழை லாரிக்காரர் வேலை மட்டும்தானா? இல்லை. ஆவடியில் அரசாங்கமே அதைச் செய்கிறது!

1961-ல் நிறுவப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டி-72 டாங்கிகள் 1980-களில் இருந்து தயாராயின. அந்தப் பழைய டாங்கிகள் அதே ஆவடியில் பிரித்துப் பூட்டப்பட்டு மறுபடியும் ராணுவத்துக்குப் போகின்றன.

780 குதிரைசக்தி என்ஜினுக்குப் பதில் 1,000 குதிரைசக்தி என்ஜின் பொருத்த, 2025 மார்ச்சில் ரஷியாவுடன் 24 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த என்ஜின் தொழில்நுட்பமும் ஆவடிக்கே வருகிறது.

15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு செல்லாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி வந்தபோதும், ராணுவக் கவச வண்டிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். டாங்கிக்கு வயதைப் பார்க்கவில்லை. உடம்பைத்தான் பார்த்தார்கள்!

கணக்குப் போடுங்கள்

சரி, உணர்ச்சியை விடுங்கள். கணக்கு என்ன சொல்கிறது?

புது லாரிக்கு 30 லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாத டியூ சுமார் 64 ஆயிரம் ரூபாய்.

பழைய வண்டி லிட்டருக்கு 4 கிலோ மீட்டர், புது வண்டி 5 கிலோ மீட்டர் போகட்டும். டீசல் 92 ரூபாய். மாதம் 25 நாள் ஓட்டம்.

தினம் 40 கிலோ மீட்டர் ஓடும் தண்ணீர் லாரிக்குப் புது வண்டியால் மிச்சமாகும் டீசல் 2 லிட்டர். மாதம் 4,600 ரூபாய். இதை வைத்து 64 ஆயிரம் டியூ எப்படிக் கட்டுவது? 25 ஆயிரம் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தாலும் 2,100 ரூபாய்க்கு உள்ளேதான். அதைக் கட்டினாலும் பழைய வண்டிதான் லாபம்!

அதே வண்டி தினம் 400 கிலோ மீட்டர் ஓடினால்? மிச்சம் மாதம் 46 ஆயிரம் ரூபாய். பழைய வண்டி நடுவழியில் நிற்கும் செலவையும் சேர்த்தால் புது வண்டி ஜெயித்துவிடும்.

ஆக, தூர ஓட்டத்துக்குப் புதுசு, கிட்ட ஓட்டத்துக்குப் பழசு. லோடு இல்லாத மாதத்தில் இன்னொரு வசதியும் உண்டு. டியூ இல்லாத வண்டி சும்மா நின்றாலும் சோறு கேட்காது!

மறுபக்கம்

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. மறைக்கக் கூடாது.

2010 முதல் 2017 வரை நாடு முழுவதும் இருந்த பி.எஸ்.3 விதி, கனரக என்ஜினுக்கு அனுமதித்த கரித்தூள், இன்றைய பி.எஸ்.6 விதியைப் போல 10 மடங்கு. அதற்கு முந்தைய பி.எஸ்.2 வண்டிக்கு 15 மடங்கு! பம்ப், நாசில் எல்லாம் சுத்தமாக இருந்தாலே இந்தக் கதி. அவை கெட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். அந்தப் புகையை லாரிக்காரர் மட்டும் சுவாசிப்பதில்லை. பாடி மேம்பாலத்தில் பின்னால் வரும் ஸ்கூட்டர்காரரும், சாலையோரக் கடைக்காரரும்தான் சுவாசிக்கிறார்கள்.

புகையாவது மெல்லக் கொல்லும். பிரேக் போனால்?

கையில் 25 ஆயிரம்தான் இருக்கிறது. அதைக் கட்டணமாகக் கட்டினால், பிரேக் லைனிங்கும் கிங் பின்னும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். அல்லது, எப்.சி.யே காட்டாமல் ராத்திரியில் ஓட்டத் தோன்றும். எப்.சி. இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்சு பணத்துக்கும் வில்லங்கம். அடிபட்ட குடும்பம் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

ஒழுங்காகப் பராமரித்தவருக்கும் 25 ஆயிரம், ஓட்டை வண்டிக்காரருக்கும் 25 ஆயிரம் என்றால், ஒழுங்காக இருப்பதற்கு என்ன பரிசு?

சோதனையைக் கடுமையாக்கட்டும். எந்திரத்தில் ஏற்றி பிரேக்கையும் புகையையும் அளக்கட்டும். தேறாத வண்டி இரண்டு வயதாக இருந்தாலும் நிறுத்தட்டும். தேறிய வண்டி 20 வயதானாலும் நியாயமான கட்டணத்தில் ஓடட்டும். வேலைக்குப் போகிறவர்கள் பத்திரமாக வீடு திரும்ப அதுதான் வழி.

லாரிக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்துப் பயன் இல்லை. பிரேக்கை மிதித்துப் பாருங்கள்!