முதுமையும் என்பு மீளமைப்பும்: பஜெற் நோய் குறித்துச் சில கருத்துகள்

மனித என்பை உயிரற்ற கட்டுமானப் பொருளாகக் கருதும் வழக்கம் பொதுமக்களிடையே மாத்திரமன்றிக் கற்றோரிடையேயும் உண்டு. உண்மையில் என்பு ஓயாது அழிக்கப்பட்டு ஓயாது கட்டப்படும் உயிருள்ள இழையமாகும். பழைய என்பை அரித்தகற்றும் கலங்கள் ஒருபுறமும், அவ்விடத்திற் புதிய என்பைப் படியச்செய்யும் கலங்கள் மறுபுறமுமாகத் தொழிற்படுகின்றன. முதிர்ந்த ஒருவரின் என்புத்தொகுதியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது. இச்சமநிலை ஓர் என்பிலோ சில என்புகளிலோ மட்டும் குலைவதன் விளைவே பஜெற் நோய்.

இந்நோயை முதன்முதலில் முறையாக விவரித்தவர் ஆங்கிலேய அறுவை வைத்தியரான சேர் ஜேம்ஸ் பஜெற் (1814–1899). 1876 நவம்பரில் இலண்டன் வைத்தியர் சபையொன்றின் முன் அவர் வாசித்த கட்டுரை மறு ஆண்டு வெளியாயிற்று. அதில் இடம்பெற்ற நோயாளி ஒருவரை அவர் இருபது ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்திருந்தார். அந்நோயாளியின் கால் என்புகள் வளைந்தன, முதுகு கூனிற்று. தலையின் சுற்றளவு 22½ அங்குலத்திலிருந்து 27¼ அங்குலமாகப் பெருகியமையால் அவர் அடிக்கடி பெரிய தொப்பி வாங்க நேர்ந்தது. பஜெற் இதனை என்பின் நாட்பட்ட அழற்சி எனக் கொண்டார். இன்றைய அறிவின்படி இது அழற்சியன்று, மீளமைப்பின் ஒழுங்கீனம்.

நோயுற்ற இடத்தில் என்பை அரிக்கும் கலங்கள் எண்ணிக்கையிலும் பருமனிலும் பெருகுகின்றன. வழமையாகச் சில கருக்களையே கொண்ட இக்கலங்களில் நூறு வரையான கருக்கள் காணப்படுவதுண்டு. இவை விரைந்து அரிக்க, ஆக்கும் கலங்களும் ஈடுகொடுக்க விரைந்து கட்டுகின்றன. அவசரத்திற் கட்டப்பட்ட அந்த என்பு ஒழுங்கற்றது, பருத்திருந்தும் வலுவற்றது. அது வளையும், முறியும், மூட்டுகளைத் தேயச்செய்யும், மண்டையோட்டில் தோன்றின் செவிப்புலனையும் குறைக்கலாம். இடுப்பென்பு, முள்ளந்தண்டு, தொடையென்பு, கணைக்காலென்பு, மண்டையோடு ஆகியன பெரிதும் பாதிக்கப்படுவன. நூற்றில் ஒருவருக்கும் குறைவானோரில் இது புற்றுநோயாக மாறும். எனினும் நோயுற்றோரிற் பெரும்பாலார் எவ்வித உபாதையுமின்றியே வாழ்கின்றனர் என்பது கருத்திற் கொள்ளத்தக்கது.

இந்நோயின் புவியியற் பரம்பல் வியப்புக்குரியது. பிரித்தானிய நகரங்களில் 1970களில் எடுக்கப்பட்ட எக்ஸ் கதிர்ப்படங்களை ஆராய்ந்தபோது, 55 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறைய 5 வீதத்தினரிலும், லங்காஷயர் நகரங்கள் சிலவற்றில் 6 முதல் 8 வீதத்தினரிலும் இது காணப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் இவ்விகிதம் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. கியூபெக் குடும்பங்களில் 2002ஆம் ஆண்டு ஒரு பரம்பரையலகு விகாரம் கண்டறியப்பட்டது. ஆயினும் இருபது ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் பரம்பரையலகுகள் மாறிவிடுவதில்லை. எனவே வாழ்க்கைச் சூழலுக்கும் இதில் பங்குண்டு எனக் கொள்வதே பொருந்தும். ஆசியாவில் இந்நோய் அரிது; ஆயினும் இல்லாததொன்றன்று. தென்னிந்தியாவில் வேலூரிலிருந்து நோயாளர் தொகுதிகள் பற்றிய ஆய்வுகள் வெளிவந்துள்ளன.

இவ்விடத்திற் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தொடரும் எமது கரையோர ஊர்களை நோக்குதல் தகும். வயலிலும் கடலிலும் தறியிலும் உழைத்துத் தேய்ந்த உடம்புகள் இவ்வூர்களின் முதியோருடையவை. ஆதலால் முதுமையின் என்பு நோவு அனைத்தும் ‘வாதம்’ என்ற ஒரே பெயருள் அடங்கிவிடுகின்றது. நின்று தொழ இயலாதவர் இருந்து தொழ மார்க்கம் இடமளிக்கின்றது; பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுவோரை எவரும் குறைகூறுவதில்லை. இச்சலுகை பெரிதும் மனிதாபிமானமானது. ஆனால் அவர் ஏன் குனிய முடியாதவரானார் என்ற வினாவுக்கு நாற்காலி விடையாகாது. வாப்பாவின் தொப்பி இறுகுகின்றது, உம்மாவின் ஒரு கால் மட்டும் வளைந்து சூடாயிருக்கின்றது என்பவை வீட்டாரே முதலிற் காணக்கூடிய அடையாளங்கள்.

அரிய நோயொன்றை அறிந்து வைத்திருப்பதன் பயன், அதனைப் போலத் தோன்றும் பிறவற்றிலிருந்து வேறுபடுத்துவதிலேயே உள்ளது. விற்றமின் டி குறைவினால் என்பு மென்மையாதலும், புரொஸ்ரேற் சுரப்பியின் புற்றுநோய் என்புக்குப் பரவுதலும் இதனோடு மயங்கக்கூடியவை. மூன்றுக்கும் சிகிச்சை வேறு. குருதியில் அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்னும் நொதியத்தின் அளவும், எக்ஸ் கதிர்ப்படமும் பெரும்பாலும் வழிகாட்டும். ஐயம் எஞ்சின் கதிரியக்க என்பு வரைவு துணைபுரியும்.

சிகிச்சையில் பிஸ்பொஸ்பொனேற்று வகை மருந்துகள் முதன்மை பெறுகின்றன. சொலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம் ஒருமுறை நாளத்தினூடாக ஏற்றப்படின் பல ஆண்டுகளுக்கு நோய் அடங்கியிருக்கும். ஆனால் விற்றமின் டி குறைவைத் திருத்தாமல் அதனை ஏற்றினால் குருதியிற் கல்சியம் ஆபத்தான அளவுக்கு வீழலாம். வெயில் மிகுந்த நாடெனினும் வீட்டினுள்ளேயே காலங்கழிக்கும் முதியோரில் இக்குறைவு எதிர்பார்க்கத்தக்கதே. நீரிழிவால் சிறுநீரகம் பழுதுற்றோரிலும், வெற்றிலைப் பழக்கத்தாற் பற்களும் ஈறும் கெட்டோரிலும் முன்பரிசோதனை இன்றியமையாதது. மேலும், நொதிய அளவைக் குறைப்பதற்காக மட்டும் தீவிரமாக மருந்தளிப்பதால், நோவு கண்டு மருந்தளிப்பதிலும் மேலான நன்மை கிட்டவில்லை என 2010இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. நோவற்றவர் அனைவருக்கும் மருந்து வேண்டியதில்லை என்பதே இதன் கருத்து.

பெரும்பாலோரிற் குறிகாட்டாத இந்நோய், வேறெதற்கோ எடுத்த கதிர்ப்படத்திலேயே வெளிப்படுகின்றது. ஆகவே படமெடுக்கப்படாத மக்களிடையே அது பதிவில் மேலும் அரிதாகவே தோன்றும். முதியவரின் நோவைக் கேட்டு, தொட்டுப் பார்த்து, ஒரு படமெடுத்து, ஒரு குருதிப் பரிசோதனை செய்தல் பெருஞ்செலவுக்குரிய காரியமன்று. உழைத்து ஓய்ந்த தலைமுறையின் வலிக்கு ‘வயது’ என்று பெயரிட்டு ஒதுங்காமல் காரணம் தேடுவது மருத்துவத்தின் கடமை மட்டுமன்று. அவ்வுழைப்பால் வளர்ந்த சமூகத்தின் கடனுமாகும்.